டெக்சஸில் இடுப்பில் மறைத்து வைக்க ஒரு பிஸ்டல்: 750 டாலரை எப்படிப் பிரிப்பது?

டாலஸ் புறநகரில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: கிரீன் கார்டு வந்துவிட்டது, வயது 38, மொத்தமாக 750 டாலருக்கு மேல் செலவழிக்க முடியாது. சட்டைக்குள் வெளியே தெரியாமல் தினமும் வைத்துக்கொள்ள நம்பகமான சின்ன பிஸ்டல் எது? டாரஸ் ஜி3சி போதும் என்கிறார் ஒரு நண்பர். கிளாக்கைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார் இன்னொருவர். வீட்டில் 7 வயதுக் குழந்தை இருக்கிறது.

என் விடை ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி ஷீல்டு பிளஸ், 9 எம்எம் தோட்டாவுக்கானது. ஆனால் எந்த மாடல் என்பதைவிட 750 டாலரில் துப்பாக்கிக்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம். 400 டாலருக்கு மேல் துப்பாக்கிக்குக் கொடுக்காதீர்கள். 550 டாலருக்குத் துப்பாக்கி வாங்கி, 15 டாலர் நைலான் உறையில் சொருகி, ஒரு பெட்டித் தோட்டாவோடு நிறுத்திக்கொள்பவரைவிட, 330 டாலர் துப்பாக்கியை நல்ல உறையில் வைத்து, 250 தோட்டா சுட்டுப் பார்த்தவர் எவ்வளவோ பாதுகாப்பானவர்.

கணக்கைப் போட்டுவிடுவோம். துப்பாக்கி 380. வார்த்தெடுத்த கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதாவது உறை, 60. விறைப்பான பெல்ட் 40. பயிற்சித் தோட்டா 250, ஏறக்குறைய 70 டாலர். தற்காப்புக்கான ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழியுள்ள) தோட்டா 50, ஏறக்குறைய 45 டாலர். பூட்டுப்பெட்டி 60. காது மூடி, கண்ணாடி 35. கூட்டினால் 690. டாலஸ் பகுதியில் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்தாலும் 747 டாலருக்குள். விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இந்தப் பங்கீட்டை மட்டும் கலைத்துவிடாதீர்கள். ரேஞ்சுக்கான (சுடும் பயிற்சிக்கூடம்) கட்டணமும் உரிமப் பயிற்சியும் தனி.

வாங்கப் போகும் முன் சட்டம். நம் ஆட்கள் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், டெக்சஸ் முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும், கடையில் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம் 4473ல் கிரீன் கார்டில் உள்ள உங்கள் யுஎஸ்சிஐஎஸ் எண்ணை எழுத வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒருசில விதிவிலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவுக்கு அங்கீகாரம் வந்துவிட்டதே என்று சொல்லி ஒரு எச்-1பி நண்பர் ரேஞ்சில் உங்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் அதுவும் சிக்கல்தான். ஊரிலிருந்து பி-2வில் வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவுக்குத் துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ தெரியக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கும். எந்த மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அங்கே பொய் எழுதுவது தனிக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்குத் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் அது நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற தவறு உங்களுக்கு முடியாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துத்தான் இனி சொல்வதையெல்லாம் படிக்க வேண்டும்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதுக்கு மேற்பட்ட, தடையில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்டிசி என்ற, எடுத்துச் செல்வதற்கான மாநில உரிமத்தை எடுங்கள். கட்டணம் 40 டாலர். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத் தூரங்களில் மொத்தம் 50 தோட்டா. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து அந்தந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. புறநகரில் எந்தத் தெருவில் வண்டி ஓட்டினாலும் ஏதாவதொரு பள்ளி அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஓக்லஹோமா, லூசியானா பக்கம் போனாலும் உரிமம் செல்லும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் மாநிலங்களில் செல்லாது. கடை, கோயில், மண்டப வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துப் பழகுங்கள். 30.05 உரிமம் இல்லாமல் எடுத்து வருபவருக்கு, 30.06 உரிமத்தோடு மறைத்து எடுத்து வருபவருக்கு, 30.07 வெளியே தெரிய எடுத்து வருபவருக்கு. மது விற்பனையே முக்கிய வருமானமாக உள்ள இடங்களில் சிவப்பு எழுத்தில் 51 சதவீதப் பலகை இருக்கும்; அங்கே யாருக்குமே கூடாது.

இனி துப்பாக்கி. கடைக்குள் நுழைந்ததும் கண் போவது மிகச் சின்னதின் மேல். உள்ளங்கையில் அடங்குகிறது, பேன்ட் பையில் மறைகிறது, விலையும் குறைவு. ருகர் எல்சிபி மேக்ஸ் .380 அப்படிப்பட்டது: எடை 11 அவுன்ஸுக்குள், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) 10 தோட்டா. சுட்டுப் பார்த்தால் வேறு கதை. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு அத்தனையும் கைக்கு வரும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. குறிபார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் நெருக்கமாக இருப்பதால் குறியில் மயிரிழை பிசகினாலும் 7 கஜத்தில் பல அங்குலம் தள்ளிப்போகும். 30 தோட்டா சுட்டதும் கை வலிக்கும், மறுவாரம் ரேஞ்சுக்குப் போகத் தோன்றாது. மிகச் சின்ன துப்பாக்கி நன்கு பழகிய கைக்கே ஏற்றது. புதியவருக்கு, உங்கள் உடையில் மறைகிற அளவுகளில் பெரியது எதுவோ அதுவே சரி.

சின்ன பிஸ்டல் சிக்கிக்கொள்வது ஏன் என்பது புரிந்தால் தேர்வு எளிதாகிவிடும். சுட்டவுடன் ஸ்லைடு, அதாவது நகரும் மேல்பாகம், பின்னால் ஓடுகிறது. வெற்றுக் கூட்டை எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கவ்வி இழுக்கிறது. கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்லைடு முன்னால் திரும்பும்போது மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளிச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏற்றுகிறது. கிளாக் 19 போன்ற நடுத்தர அளவில் ஸ்லைடு கனமானது, ஓடும் தூரமும் தாராளம். 3 அங்குலக் குழல் கொண்ட பிஸ்டலில் ஸ்லைடு இலகுவானது, தூரம் குறைவு, அதை அடக்க ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். எல்லாம் வேகமாக நடக்கும்; மேகசின் ஸ்பிரிங் அதே வேகத்தில் அடுத்த தோட்டாவை மேலே தூக்கித் தர வேண்டும். கொஞ்சம் எண்ணெய் காய்ந்திருந்தாலும், தோட்டா பலவீனமாக இருந்தாலும், மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் அந்தச் சின்ன இடைவெளி போதாமல் போகும். கைப்பிடியோடு சேர்ந்து கையும் பின்னால் ஆடினால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. புதியவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்லும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தத் தளர்ந்த மணிக்கட்டுதான்.

2018 ஜனவரியில் வந்த சிக் சாவர் பி365 இந்தச் சந்தையையே மாற்றியது. அதற்கு முன் ஒல்லியான பிஸ்டல் என்றால் ஒற்றை வரிசை மேகசின், 6, 7 தோட்டா. தோட்டாக்களை ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் ஒதுக்கி அடுக்கி, மேலே போகப் போக ஒற்றை வரிசையாகக் குறுகும் மேகசினை அதில் வைத்தார்கள். ஏறக்குறைய அதே பருமனில் 10 தோட்டா. ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 2019ல், ஷீல்டு பிளஸும் ருகர் மேக்ஸ்-9ம் 2021ல் அதே வழியில் வந்தன. ஆகவே இன்று 6 தோட்டா மட்டும் கொள்ளும் ஒற்றை வரிசை பிஸ்டலுக்குப் புது விலை கொடுக்கக் காரணமில்லை. பி365 அருமையான துப்பாக்கி; முதல் சில மாதத் தயாரிப்புகளில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) உடைவதும் விசை ஸ்பிரிங் சிக்கலும் இருந்தன, பிறகு சரிசெய்தார்கள். பழையது வாங்கினால் 2018ன் முதல் சில மாதத் தயாரிப்பா என்று பாருங்கள். உங்கள் கணக்குக்கு அது கொஞ்சம் விலை கூடுதல்.

ஷீல்டு பிளஸை முதலில் சொல்வதற்குக் காரணம் மூன்று. குழல் 3.1 அங்குலம், எடை 20 அவுன்ஸ் சொச்சம். எல்சிபி மேக்ஸைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, அந்த எடைதான் பின்னுதைப்பை விழுங்குகிறது. 10 தோட்டா மேகசினும் 13 தோட்டா மேகசினும் உண்டு: குட்டையானது மறைக்க, நீளமானது வீட்டுக்கும் பயிற்சிக்கும். கட்டைவிரல் சேஃப்டி (விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு) உள்ளது, இல்லாதது என இரண்டு வகையிலும் விற்கிறது. கூடவே, முதல் ஷீல்டு 2012லிருந்தே புழங்குவதால் எந்தக் கடையிலும் ஹோல்ஸ்டர் கிடைக்கும். புது மாடல் வாங்குபவர்கள் மறந்துபோவது இதைத்தான்: பெயர் தெரியாத துப்பாக்கிக்கு உறை தேடியே 100 டாலர் போய்விடும்.

கிளாக் என்று சொன்ன நண்பர் தவறில்லை. கிளாக் 43எக்ஸ் 2019ல் வந்தது, 3.41 அங்குலக் குழல், 10 தோட்டா. பிடி கிளாக் 19 அளவுக்கு உயரமாக இருப்பதால் முழுக் கையும் பதியும், சுட இதமானது. ஆனால் சட்டையைத் துருத்துவது குழல் அல்ல, பிடியின் அடிமுனை. ஒல்லியான உடம்பும் உடம்போடு ஒட்டிய சட்டையும் என்றால் அந்தக் கால் அங்குலம், அரை அங்குலம் வெளியே தெரியும். கை சேஃப்டி கிடையாது. விலை 450க்கு மேல். பட்ஜெட் இன்னும் 100 டாலர் நீளுமானால் எடுக்கலாம். மற்றபடி நம்பகத்தன்மையில் ஷீல்டு பிளஸோடு ஒப்பிட்டால் நீங்கள் உணரும்படியான வித்தியாசம் இல்லை.

பணம் இன்னும் இறுக்கம் என்றால் ருகர் மேக்ஸ்-9. குழல் 3.2 அங்குலம், எடை 18 அவுன்ஸ் சொச்சம், 10 அல்லது 12 தோட்டா, பெரும்பாலும் 350 டாலருக்குள். விசையின் இழுவை ஷீல்டு அளவுக்குச் சுத்தமாக இருக்காது, வேலை செய்யும். டாரஸ் ஜி3சி 250 டாலர் அளவில் கிடைப்பதால் கவர்கிறது. 12 தோட்டா, 3.2 அங்குலக் குழல், பருமன் சற்று அதிகம். ஒன்றுக்கு ஒன்று தரம் மாறுகிறது என்பதுதான் அதன் பலவீனம். நல்லது அமைந்தால் ஆயிரக்கணக்கில் சிக்காமல் ஓடும். அதை வாங்குபவர் 250க்குப் பதில் 400, 500 தோட்டா சுட்டுச் சோதிக்க வேண்டும், அப்போது மிச்சப்படுத்திய பணம் தோட்டாவில் போய்விடும். டாரஸின் பழைய மில்லினியம் வரிசை பிடி-111 முதலான சில மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்கும் என்ற வழக்கில் 2015ல் சமரசம் ஏற்பட்டது. அடகுக் கடையில் 150 டாலருக்கு அவை கிடைத்தாலும் தொடாதீர்கள்.

ரிவால்வரும் பலர் மனதில் இருக்கும். ஸ்மித் அண்ட் வெசன் 642: 5 தோட்டா, .38 ஸ்பெஷல், 15 அவுன்ஸ் அளவு. மேகசின் சிக்கல் இல்லை, சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. எளிது என்று கடைக்காரர் புதியவரிடம் தள்ளிவிடுவார். இழுவை 12 பவுண்டு அளவுக்குக் கனம், சைட் ஒரு பள்ளம் மட்டுமே, பின்னுதைப்பு கடுமை. புதியவர் அதில் 7 கஜத்தில் ஐந்தையும் ஒரு தட்டு அளவுக்குள் போடப் பல மாதம் ஆகும். மனைவியும் பழக வேண்டும், ஸ்லைடை இழுக்கக் கையில் வலு போதவில்லை என்றால் எம் அண்ட் பி ஷீல்டு ஈஸி (EZ) பாருங்கள், ஸ்லைடை இழுப்பது எளிது. 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றைச் சுத்தியலில் இருந்த குறைக்காகத் திரும்ப அழைத்தார்கள். பழையதானால் சீரியல் எண்ணைச் சரிபார்க்கவும். ஈஸிக்குப் போகும் முன் ஸ்லைடை இழுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள்: இடக்கையால் ஸ்லைடை இறுகப் பிடித்து அசையாமல் வைத்து, வலக்கையால் பிடியை முன்னால் குத்துவதுபோல் தள்ள வேண்டும். முடியாது என்றவர்களில் பாதிப் பேருக்கு முடிந்துவிடும்.

அளவு 9 எம்எம் தவிர வேறு வேண்டாம். எஃப்பிஐயே .40 தோட்டாவை விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பியது. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பின் அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் உள்ளது: 10 சதவீத ஜெலட்டின் கட்டியில், மேலே துணி போட்டும், 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். குறைந்தால் போதாது, கூடினால் மறுபக்கம் போய் வேறொருவர் மேல் படும். ஹாலோ பாயிண்ட் தோட்டா உள்ளே விரிந்து நிற்பதால்தான் தற்காப்புக்கு அதைச் சொல்கிறோம். ஃபெடரல் எச்எஸ்டி 124 கிரெய்ன் (குண்டின் எடை), ஸ்பியர் கோல்ட் டாட் 124 கிரெய்ன், இரண்டில் எது உங்கள் துப்பாக்கியில் தடங்கலின்றி ஏறுகிறதோ அது. 3 அங்குலக் குழலில் வேகம் குறையும், ஆகவே ஸ்பியரின் குட்டைக் குழலுக்கான வகையும் நல்லது. காவல்துறைக்கான 50 தோட்டாப் பெட்டியாக வாங்கினால் 20 தோட்டாப் பெட்டியைவிடத் தோட்டாவுக்கு மலிவு. பயிற்சிக்கு 115 கிரெய்ன், பித்தளைக் கூடு உள்ளது போதும். யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாக்களை எவ்வளவு மலிவானாலும் தவிருங்கள்.

ஹோல்ஸ்டரில் கஞ்சத்தனம் காட்டினால் தண்டனை உங்கள் தொடைக்கு. உறை உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும், விசை வளையம் முழுவதும் மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மடங்காமல் திறந்தே நிற்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்ற நைலான் பைகளும், நாளடைவில் தளர்ந்து மடியும் மெல்லிய தோல் உறைகளும் விசையைத் தாமே அழுத்திவிடும். தற்செயல் வெடிப்புகளில் நிறைய, துப்பாக்கியை எடுக்கும்போது அல்ல, திரும்பச் சொருகும்போது நடக்கின்றன: சட்டை முனையோ ஜாக்கெட் நாடாவோ விசை வளையத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, கை அழுத்துகிறது. மெதுவாக, கண்ணால் பார்த்துச் சொருகுங்கள். அவசரமே கிடையாது. இன்னும் நல்லது, வீட்டில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல் உறையோடு கழற்றிப் பெட்டியில் வைப்பது, காலையில் உறையோடு இடுப்பில் மாட்டுவது.

எங்கே வைப்பது? வலப்பக்க இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடம், புதியவருக்கு ஏற்றது. முன்பக்கம் தொப்புளுக்கு வலப்புறம் வைத்தால் நன்கு மறையும், வேகமாக எடுக்கலாம்; ஆனால் குழல் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்து நிற்கும். கட்டைவிரல் சேஃப்டி இல்லாத துப்பாக்கியோடு முதல் ஆறு மாதம் அந்த இடம் வேண்டாம். துப்பாக்கி கனத்தில் தொங்கி வெளியே சாய்வதைத் தடுப்பது பெல்ட். அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய தோல் பெல்ட் ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும்.

புதுத் துப்பாக்கியைக் கடையிலிருந்து நேரே ரேஞ்சுக்குக் கொண்டு போகாதீர்கள். தொழிற்சாலையில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய பசை பல துப்பாக்கிகளில் இருக்கும். கழற்றித் துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விடுங்கள். கிளாக்கில் செம்பு நிறப் பசை இருந்தால் விட்டுவிடலாம், அது மசகுதான். ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள் எண்ணெய் விடக் கூடாது. தூசியோடு சேர்ந்து கூழாகி, அடி பலவீனமாகி, டிக் என்ற சத்தத்தோடு நிற்கும்.

கழற்றும் முன் முதலில் மேகசினை எடுங்கள், பிறகுதான் ஸ்லைடை இழுங்கள். வரிசையை மாற்றினால் ஸ்லைடு இழுத்ததும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்கு ஏறிவிடும். அதன்பின் மேகசினை எடுத்துக் காலி என்று நினைத்து விசையை அழுத்தினால் வெடிக்கும். கிளாக்கைக் கழற்ற விசையை அழுத்தியே ஆக வேண்டும், ஆகவே அதில் இந்தத் தவறுக்கு மன்னிப்பே இல்லை. சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள், பிறகு இன்னொரு முறை.

சோதனை இப்படி: பயிற்சித் தோட்டா 200, இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றி. மேகசின்களில் 1, 2 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், சிக்கல் எப்போதும் 2ல் தான் என்றால் குற்றவாளி துப்பாக்கி அல்ல என்று தெரிந்துவிடும். அதன்பின் ஹாலோ பாயிண்ட் 30 முதல் 40. முதல் 50ல் ஓரிரு தடங்கல் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பாகங்கள் ஒன்றோடொன்று படிகின்றன. கடைசி 150ல் ஒன்றுகூட வரக் கூடாது. வந்தால் காரணம் தேடுங்கள். வெற்றுக் கூடு ஸ்லைடில் செங்குத்தாக மாட்டினால் பெரும்பாலும் மணிக்கட்டு அல்லது எக்ஸ்ட்ராக்டர் அழுக்கு. தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு ஏறாமல் நின்றால் மேகசினின் உதடு அல்லது ஸ்பிரிங். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்காவிட்டால் பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தும் நெம்பு) மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. விரலைக் கீழே இறக்கிப் பிடியுங்கள். அனுபவமுள்ள ஒருவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் சிக்கினால்தான் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். மெருகேற்ற வெளிச்சந்தை விசை, ஸ்பிரிங் மாற்றாதீர்கள். நன்றாக ஓடிய துப்பாக்கிகள் கெடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினம் 10 நிமிடப் பயிற்சி, தோட்டா எல்லாம் வேறு அறையில். சுவரில் ஒரு புள்ளி, சைட் அசையாமல் விசையை அழுத்துவது, அவ்வளவுதான். காசில்லாத இந்தப் பயிற்சி கொடுக்கும் முன்னேற்றத்தை 200 டாலர் தோட்டாவும் கொடுக்காது. முடிந்ததும் 'பயிற்சி முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லி நிறுத்துங்கள். தோட்டா ஏற்றிய பிறகு 'இன்னும் ஒரு தடவை' என்று இழுப்பவர்கள்தான் சுவரைத் துளைக்கிறார்கள். காலையில் ஏற்றி இரவில் இறக்கும் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் தள்ளினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதிய தோட்டாவின் பக்கத்தில் வைத்து நீளத்தைப் பாருங்கள், குட்டையாகியிருந்தால் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். ஏற்றிய துப்பாக்கியை உறையோடே பெட்டியில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெட்டியைப் பற்றி. 7 வயதுக் குழந்தைக்கு அலமாரியின் மேல்தட்டு ஒரு நாற்காலித் தூரம்தான். விசையை இழுக்கும் வலு அந்த வயதில் உண்டு. டெக்சஸில் ஏற்றிய துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். துப்பாக்கி ஒன்று உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், இல்லையேல் பூட்டில் இருக்க வேண்டும். மேஜை, தலையணை அடி, காரின் கதவுப் பை என்று மூன்றாவது இடமே கிடையாது. மலிவான கைரேகைப் பெட்டி வேண்டாம். பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துவிடுகிறது என்பதற்காக 2023ல் ஒரு வகையை ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு சிறந்தது, பேட்டரி வேண்டாம். அது 60 டாலரில் கிடைக்காவிட்டால் கனமான எஃகுப் பெட்டி, சாவி உங்கள் கழுத்திலோ சாவிக்கொத்திலோ. பெட்டியைக் கட்டிலோடோ தரையோடோ கம்பிவடத்தால் பிணையுங்கள், திருடன் பெட்டியோடு தூக்கிப் போகாமலிருக்க. காரில் துப்பாக்கியை விட்டுப் போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ரேஞ்சுப் பை. பயிற்சிக்கென்று ஒரு தனிப் பை வாங்கி அதைத் துப்பாக்கிக்கு மட்டும் பயன்படுத்துங்கள், லேப்டாப் பையையோ குழந்தையின் பழைய பள்ளிப் பையையோ அல்ல. ஓரத் தையலில் சிக்கிய ஒரே ஒரு தோட்டா டாலஸ் விமான நிலையச் சோதனையில் அபராதம் வரை கொண்டுபோகலாம். அங்கே தப்பிச் சென்னையில் அகப்பட்டால் 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட் போலீஸ் நிலையத்தில், திரும்பும் டிக்கெட் வீண். ஊருக்குப் போகும் முன் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தட்டி, கோட்டுப் பைகளையும் விரலால் துழாவிவிடுங்கள்.